அம்மன் சொன்ன வெள்ளிக்கிழமை

என் அக்காவைப் புகுந்த வீட்டிலிருந்து துரத்தியது ஒரு மனிதன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். துரத்தியது சாமி என்றார்கள். சாமியின் சட்டையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் சில மாதங்கள் வீணாகப் போயின.

அம்பத்தூரில் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்னால் வாடகை வீடு எங்களுடையது. அப்பா இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். நான் படிப்பை முடிப்பதற்கு முன்பே போய்விட்டார். அம்மா, அக்கா, நான். நான் முகப்பேரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையில் ஊசி குத்துவதும், குழாய்களை மெஷினில் ஏற்றுவதும், வருகிற எண்களைச் சரிபார்ப்பதும் என் வேலை.

அக்காவை நூம்பலில் கொடுத்திருந்தோம். ஒரு காலத்தில் நிலபுலன் வைத்துப் பயிர் செய்த குடும்பம். இப்போது அந்த வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டன. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டினார். மாமியார் கறாரானவர். மாமனார்தான் அந்த வீட்டில் சிரிக்கிற மனிதர். இனிப்பு என்றால் உயிரை விடுவார். ஒருமுறை நானே அவருக்கு ரத்தம் எடுத்தேன். சர்க்கரை பயங்கரமாக ஏறிக் கிடந்தது. ரிப்போர்ட்டைக் காட்டி எச்சரித்தபோது, "இந்தப் பேப்பர வச்சிகினு என் நாக்கைக் கட்டிப் போடப் போறியா பாப்பா?" என்று சிரித்தார். மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் காலையில் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமியார் குறி கேட்கப் போனார். வேலப்பன்சாவடிப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகையில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ஆள் மேல் அம்மன் இறங்கி வாக்குச் சொல்லும் என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அக்காவையும் கூடவே அழைத்துப் போயிருக்கிறார். அந்த ஆள் வேப்பிலையோடு ஆடி வந்து, அக்கா முன்னால் நின்று, "இவ தீட்டோட விளக்கேத்துனா. அவன் விழறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஏத்துனா. அதான் அவன எடுத்துகினேன்" என்று அத்தனை பேர் நடுவில் சொல்லியிருக்கிறான்.

அன்று மத்தியானமே மாமா அவளை பைக்கில் கொண்டுவந்து எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டார். வண்டியை விட்டு இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை. "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும், அம்மா மனசு ஆறட்டும்" என்றார். அக்கா கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் அந்த முந்தின வெள்ளிக்கிழமை அக்கா நூம்பலிலேயே இல்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று எங்கள் வீட்டில் இருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு அவள் நிற்கிற படம் என் போனில் இருந்தது, தேதியோடு. அதைவிடப் பெரிய சாட்சி ஒன்றும் இருந்தது. முந்தின நாள் அவளை இங்கே கொண்டுவந்து விட்டதே மாமாதான். திரும்ப வந்து அழைத்துப் போனதும் அவர்தான்.

மறுநாளே நூம்பலுக்குப் போனேன். மாமியார் கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். போனை நீட்டினேன். மாமியார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பொறுமையாகத்தான் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"போட்டோ மனுசன் எடுக்கறது. வாக்கு அம்மா குடுக்கறது. எத நம்பச் சொல்ற?"

"அத்த, அவ அந்த வெள்ளிக்கிழமை இங்க இல்லவே இல்ல. இல்லாதவ எப்படி இங்க விளக்கேத்துவா?"

"அது உனக்குத் தெரியாது. எனக்குந் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்."

நான் மாமாவைப் பார்த்தேன். "மாமா, நீங்கதானே கொண்டாந்து விட்டீங்க? சொல்லுங்க."

அவர் சுவரில் மாட்டியிருந்த தன் அப்பாவின் படத்தைப் பார்த்தார். படத்துக்குப் போட்ட பூமாலை காய்ந்து கிடந்தது. "சாமி விசயத்துல நாம எதும் பேசக்கூடாதும்மா" என்றார்.

அன்றைக்கு அங்கிருந்து நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது என் மனதில் மூன்று பேர் இருந்தார்கள். கேட்டவர், சொன்னவன், வாயை மூடிக்கொண்டவர். மூன்று பேரையும் விடக்கூடாது என்று நினைத்தேன். பழிவாங்க வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மனசு கலங்கும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. மாமனார் இறந்ததிலிருந்து அன்றுதான் தலை தெளிவாக இருந்தது.

ஆனால் என்னை உண்மையாகவே எரித்தது அவர்கள் மூன்று பேரும் செய்தது அல்ல. வீட்டில் அக்கா செய்தது.

அவள் நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு. ஆனால் நான் அங்கே போய்ச் சேர்ந்த வழி வேறு. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் தானாக உறைந்து நிற்பதை முதன்முதலில் கவனித்துப் பார்த்தபோது, இத்தனை ஏற்பாட்டையும் யாரோ யோசித்துத்தானே வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்படி ஒவ்வொன்றாக யோசித்து, சாமி இருக்கத்தான் வேண்டும் என்று முடிவுக்கு வந்தவள் நான். அக்காவுக்கு இந்த யோசனையெல்லாம் தேவைப்பட்டதில்லை. சின்ன வயதிலிருந்தே சாயங்காலம் விளக்கேற்றுவது அவள்தான். ஏற்றிவிட்டு அம்மன் படத்தின் முன்னால் நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல அன்றைய சமாசாரமெல்லாம் சொல்லுவாள். "இன்னிக்கு இவ என் ரிப்பன எடுத்துகினா, நீயே கேளு" என்று என்னைப் பற்றிக் கோள் சொல்லுவாள். அப்பா செத்த அன்றும் அழுதுகொண்டே அங்கேதான் போய் நின்றாள்.

இப்போது அவள் பூஜை அலமாரி இருந்த பக்கமே திரும்பவில்லை. சாப்பிடும்போதும் அதற்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தாள். அம்மா விளக்கேற்றினால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

"நீ இங்க இருந்தடி. என்கூட இருந்த" என்றேன்.

"அதுக்கும் முந்தின வெள்ளியா இருக்கும். நான் நாளத் தப்பா எண்ணியிருப்பேன்."

"அவன் சொன்னது எந்த வெள்ளின்னு உன் காதாலதானே கேட்ட?"

"எனக்குத் தெரியாதது சாமிக்குத் தெரியும்ல? சும்மாவா சொல்லும்?"

தன் ஞாபகத்தையே அவள் சந்தேகப்பட்டாள். செய்யாத பாவத்தைப் பழைய நாட்களுக்குள் தேடிக்கொண்டே இருந்தாள். புருஷனிடமிருந்து பிரித்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆள் அவளை அவளுடைய சாமியிடமிருந்து பிரித்துவிட்டான். அதற்காகத்தான் நான் அவனை முதலில் பிடிக்க முடிவு செய்தேன்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் காலையில் மெஷினைப் போட்டதும் முதலில் நோயாளியின் ரத்தத்தை வைக்க மாட்டோம். கன்ட்ரோல் என்று ஒன்று உண்டு. அதில் என்ன எண் வர வேண்டும் என்பது நமக்கு முன்பே தெரியும். மெஷின் அந்த எண்ணைச் சொல்கிறதா என்று பார்ப்போம். தவறாகச் சொன்னால் மெஷின் சொல்கிற மற்ற எதையும் வெளியே அனுப்ப மாட்டோம். அவன் வாய்க்கும் ஒரு கன்ட்ரோல் வைக்க வேண்டும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியில் பூஜைக் கடையில் ஒரு மஞ்சள் கயிறு வாங்கி, ஷேர் ஆட்டோவிலேயே கழுத்தில் கட்டிக்கொண்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

கொட்டகை வாசலில் ஒரு பெண் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்றுக்கொண்டிருந்தாள். வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆறுதலாகப் பேசினாள். அவள் அந்த ஆளின் மனைவி என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஆனால் வருகிற எல்லோரும் உள்ளே போவதற்கு முன் அவளிடம் மனதைக் கொட்டுகிறார்கள் என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

"இன்னாம்மா, மொகமே வாடிப் போய்க் கீது? ஊட்ல இன்னா கஷ்டம்?" என்றாள்.

வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு போன பொய்யைச் சொன்னேன். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அதற்கு ஒரு கால் சரியில்லை, இழுத்து இழுத்து நடக்கும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாத. அம்மா வழி காட்டும்" என்றாள். அவள் கண்ணில் உண்மையாகவே ஈரம் இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு மனம் இளகவில்லை.

அன்று கூட்டம் அதிகம். என் முறை வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பையின் முன்பக்கத்தில் போனை நிறுத்தி வீடியோவைப் போட்டுவிட்டேன். பம்பை அடித்தார்கள். அவன் மஞ்சள் வேட்டியோடு ஆடி வந்தான். நாற்பதைத் தாண்டிய, ஒடிசலான ஆள். என் முன்னால் நின்று கண்ணை மேலே செருகிக்கொண்டு சொன்னான்.

"ஒரு பொட்டப்புள்ள அழுதுகினு கீது. கால இழுத்துகினு நடக்குது. அப்பன் உட்டுட்டுப் போயிட்டான். அத நான் பாத்துகினுதான் கீறேன்."

ஒரு நிமிஷம் எனக்கே உடம்பு சிலிர்த்தது. நானே கட்டிவிட்ட பொய் என்று தெரிந்தும், அந்தக் குழந்தை எங்கோ ஒரு தெருவில் காலை இழுத்துக்கொண்டு நடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவன் குரல் அப்படி. உண்மை தெரிந்த எனக்கே இப்படியென்றால் அக்கா என்ன செய்திருப்பாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவனைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல வெறி வந்தது.

எழுந்து நின்றேன். கயிற்றைக் கழற்றிக் கையில் பிடித்தேன்.

"எனக்குக் கல்யாணமே ஆகல. எனக்குக் குழந்தையும் கிடையாது. இது நான் வாசல்ல அந்தம்மாகிட்ட சொன்ன பொய். அந்தப் பொய்யத்தான் இவர் சாமி பேர்ல திருப்பிச் சொல்றாரு."

பம்பை நின்றது. இதோ முடிந்தது என்று நினைத்தேன். கூட்டம் அவன்மேல் பாயும் என்று காத்திருந்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் நிதானமாகச் சொன்னார். "நடந்தத மட்டுமா அம்மா சொல்லும்? நடக்கப் போறதையும் சொல்லும். உனக்கு அப்படி ஒரு புள்ள பொறக்கப் போவுது."

"ஐயோ பாவம்" என்றார் இன்னொருவர். "வாய வச்சிகினு சும்மா இருக்காம அம்மாவ சோதிச்சுட்டாளே."

எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருவர் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். எங்கள் மெஷின் தப்பான எண்ணைச் சொன்னால் மெஷினை நிறுத்துவோம். இங்கே எண்ணுக்குத் தகுந்தபடி என்னையே மாற்றிவிட்டார்கள். அந்தக் கொட்டகையிலிருந்து வெளியே வரும்போது அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

எலுமிச்சம்பழக்காரி பின்னாலேயே ஓடிவந்தாள். "இன்னாத்துக்கும்மா இந்த வேல பண்ண? உனக்கு நாங்க இன்னா கெடுதல் பண்ணோம்?"

சொன்னேன். நூம்பல் வீடு, மாமனார், அக்கா, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். போனில் எல்லாம் பதிவாகியிருப்பதையும், அவளிடம் முதல் வாரம் பேசியதும் பதிவாகியிருக்கிறது என்ற பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. "கொஞ்சம் இரு" என்று என்னைப் பக்கத்திலிருந்த அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, கூட்டம் கலையும்வரை காவல்போல நின்றாள்.

அவன் முகம் கழுவி, கட்டம் போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். கையில் டீ டம்ளர். அந்தச் சட்டையில் அவன் யாரோ ஒரு எலக்ட்ரீஷியன்போல இருந்தான்.

"அந்த ஊட்டம்மா வரும்போதே முடிவு பண்ணிகினுதான் வந்துச்சு" என்றான். "'ஊட்டுக்குப் புதுசா வந்தவளாலயா சாமி?'ன்னு அதுவேதான் கேட்டுச்சு. 'விளக்குல எதுனா தீட்டா?'ன்னும் அதுவேதான் கேட்டுச்சு. நான் ஆமான்னேன். அவ்ளோதான்."

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னது?"

"வெள்ளிக்கிழமைன்னாதான் மனசுல நிக்கும்."

டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். அந்த உறிஞ்சல் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"உனக்குச் சாமியே வராதா?" என்று கேட்டேன். மரியாதை கொடுக்கத் தோன்றவில்லை.

அவன் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "வரும் பாப்பா. பொய் சொல்லல. சில நாள் நெசமாவே வரும். இன்னா பேசினேன்னு எனக்கே நெனப்பு இருக்காது. ஆனா அது எப்ப வரும்னு என் கையில இல்ல. ஜனங்க வெள்ளிக்கிழமை வந்து உக்காந்துகினு இருக்காங்க. வரலன்னு அனுப்ப முடியுமா?"

"எங்க அக்கா வந்த அன்னிக்கு வந்துச்சா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். அவன் மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரல" என்றான்.

சாமியே வராதவன் என்றால் ஏமாற்றுக்காரன் என்று விட்டிருக்கலாம். வருவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவன், வராத அன்றைக்கு வந்ததுபோலப் பேசி என் அக்காவை அழித்திருக்கிறான். என் கோபம் அங்கே இரட்டிப்பானது.

"நூம்பல்ல ஆடி மாசம் கூழ் ஊத்துவாங்க. நீ வர. அந்த ஊட்டம்மா முன்னாடி, அன்னிக்குச் சொன்னத மாத்திச் சொல்ற. இல்லன்னா இந்த வீடியோ இந்த ஊர்ல எல்லார் போன்லயும் இருக்கும்" என்றேன்.

சாதாரண ஆளாக வந்து உண்மையைச் சொல்ல அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அடித்தே கொன்றுவிடுவார்கள் என்றான். சாமியாக வந்து சொல்கிறேன் என்றான். சரி என்றேன். மறுபடியும் ஒரு பொய்தானே என்று எனக்கு உறுத்தியதா என்றால், இல்லை. அக்கா நம்புவது அந்தக் குரலை. அந்தக் குரலே அவளை விடுவிக்கட்டும் என்று மட்டும்தான் யோசித்தேன். மாமியார் தெருவில் எல்லோர் முன்னாலும் தலைகுனிய வேண்டும் என்றும் யோசித்தேன். அந்த ஆசையை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஆடியில் அக்காவைக் கூட்டிப்போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கெஞ்சித்தான் அழைத்துப் போனேன். கோயில் முன்னால் அண்டாக்களில் கூழ். வெயில் சுள்ளென்று அடித்தது. மாமியார் முன்வரிசையில் நின்றார். மாமா கூழ் அண்டா பக்கத்தில் நின்றார். நாங்கள் கடைசியில், ஒரு டெம்போவின் நிழலில் நின்றோம்.

பம்பை உச்சத்துக்குப் போனபோது அவன் ஆடி வந்தான். நேராக மாமியார் முன்னால் போய் நின்றான்.

"என் புள்ள மேல தப்பு இல்ல. அவ ஏத்துன விளக்கு எனக்கு வேணும். அவள ஊட்டுக்குக் கூப்டுக்க" என்றான்.

மாமியார் அப்படியே அவன் காலில் விழுந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். கூட்டத்தில் யாரோ அக்காவை அடையாளம் கண்டு, "தோ, இங்கதான் கீது" என்று கத்தினார்கள். வழி விலகியது. மாமியார் புழுதி படிந்த நெற்றியோடு ஓடிவந்து அக்கா கையைப் பிடித்தார். அந்தப் புழுதியைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னால் சொல்ல முடியாது.

"வாம்மா, ஊட்டுக்கு வா. அம்மாவே சொல்லிட்டா."

அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நகரவும் இல்லை. புரியாத கணக்கைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள்.

"அத்த, அன்னிக்கு நான் தீட்டோட ஏத்துனேன்னு சொல்லிச்சே, அது யாரு?"

"அம்மா தாண்டி."

"இன்னிக்கு இல்லன்னு சொன்னது?"

"அதுவும் அம்மாதான்."

"அன்னிக்கு அம்மாவுக்குத் தெரியாமப் போச்சா? தெரியாதுன்னா அது அம்மா இல்ல. தெரிஞ்சே எம்மேல பழி போட்டிச்சுன்னா, அப்பவும் அது அம்மா இல்ல. ஒண்ணும் பண்ணாதவள அம்மா இப்படிப் பண்ணாது."

குரலை உயர்த்தவே இல்லை. மாதக்கணக்கில் நான் போனையும் தேதியையும் காட்டிக் கத்தியும் நகராத ஒன்று அவளுக்குள் நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவள் மெதுவாக நடந்து அவன் முன்னால் போனாள். அவன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

"நீ யாரு?" என்று கேட்டாள்.

அவன் ஆட்டம் தடுமாறியது. வேப்பிலையை ஒருமுறை உதறினான். பிறகு, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல், கூட்டத்துக்குள் என்னைத் தேடினான். கண்டுபிடித்தான். வகுப்பில் பதில் தெரியாத பையன் பக்கத்துப் பெஞ்சைப் பார்ப்பதுபோல என்னையே பார்த்தான்.

கூட்டமும் அவன் கண் போன திசையில் திரும்பி என்னைப் பார்த்தது. வேலப்பன்சாவடியில் நான் நிரூபித்துக் காட்டியதை யாரும் நம்பவில்லை. இந்த ஜனங்கள் அந்த ஒரு பார்வையை நம்பினார்கள். முதலில் பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்தினார். யாரோ சிரித்தார்கள். பிறகு யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அவனை யாரும் அடிக்கவில்லை. அவன் மனைவி வந்து துண்டால் போர்த்தி அழைத்துப் போனாள். மாமியார் நடுத்தெருவில் தனியாக நின்றார்.

அக்காவும் என்னைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். இறங்கிய பிறகுதான் பேசினாள்.

"நீயும் அம்மா பேர்ல பேச ஆள் வச்ச இல்ல?"

"உனக்காகத்தாண்டி."

"எங்க மாமியாரும் அவங்க ஊட்டுக்காகத்தான் கேட்டாங்க."

 மறுபடி அதே நிலைமை வந்தால் அதையேதான் செய்வேன். இதை அவளிடம் அன்றே சொன்னேன். இன்றும் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் அவள் குளித்துவிட்டு வந்து, பூஜை அலமாரியைத் துடைத்து விளக்கேற்றினாள். அம்மா சமையலறையில் நின்றபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். அக்கா படத்திடம் பேசினாள். என்ன பேசினாள் என்று என் காதில் விழவில்லை. வெகுநேரம் பேசினாள்.

"இத்தன நாள் பயந்தியே, இப்ப மட்டும் எப்படி?" என்று பிற்பாடு கேட்டேன்.

"எனக்கு அவங்களச் சின்னதுலருந்து தெரியும். அந்த ஆளு பேச்சுல பயந்து, தெரிஞ்சதையே மறந்துட்டேன். நியாயம் இல்லாத ஒண்ணு அவங்ககிட்டருந்து வராதுன்னு யோசிச்சுப் பாத்தப்பதான் நெனப்பு வந்துச்சு."

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவன் பொய்யன் என்று என் புத்தியால் கண்டுபிடிக்க முடிந்தது. அவள் சாமியை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. அதை அவளே யோசித்துத்தான் எடுத்துக்கொண்டாள். ஆனால் யோசிப்பதற்கு அவளிடம் முன்பே ஏதோ கொடுக்கப்பட்டிருந்தது. எனக்கு அது கொடுக்கப்படவில்லை. நான் ரத்தத்தைப் பார்த்துத்தான் வந்தேன்.

மாமா ஒருநாள் வந்தார். இந்த முறை பைக்கை அணைத்துவிட்டு இறங்கினார். அக்கா கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். நான் உள்ளே ஜன்னலோரம் இருந்தேன்.

"அம்மாதான் நம்பிட்டாங்க. நான் இன்னா பண்றது, சொல்லு" என்றார்.

"அவங்க நம்புனாங்க. உனக்குத்தான் தெரியுமே. நீதானே என்னக் கொண்டாந்து உட்ட?"

கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான் அவள் அவரை 'நீ' என்றாள். அவருக்கும் அது உறைத்தது. பைக்கைத் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை போனார். எனக்கு ஜன்னலோரம் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. இப்போது அவள் முகப்பேரில் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறாள். விவாகரத்து வழக்கு நடக்கிறது.

வேலப்பன்சாவடிக் கொட்டகை காலியாகிவிட்டது. இப்போது அங்கே தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறார்கள். அந்த ஆள் குத்தம்பாக்கம் பக்கம், புது பஸ் நிலையத்தைத் தாண்டி, அவனைத் தெரியாத இடத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். விசாரித்துக் கண்டுபிடித்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் அங்கேயும் போய் முன்வரிசையில் உட்காருகிறேன். நான் எதுவும் பேசுவதில்லை. போனையும் எடுப்பதில்லை. அவன் ஆடி வருவான், என்னைப் பார்ப்பான். ஒரு வாரம் கால் பின்னிக்கொண்டது. இன்னொரு வாரம் பாதியில் நிறுத்தி, தலை வலிக்கிறது என்று போய்விட்டான். கூட்டம் முணுமுணுக்கிறது. அவன் மனைவி ஒருநாள் என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உனக்கு இன்னாதான்மா வேணும்? எங்கள வாழ உடமாட்டியா?"

"ஒண்ணும் வேணாம். அம்மா இன்னா சொல்றாங்கன்னு கேக்க வந்தேன்" என்றேன்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "அவன உட்டுடு. அவன விடாம புடிச்சிகினு இருக்கறது நீதான்" என்கிறாள். மன்னிக்க வேண்டும் என்று அவளுக்கு அவளுடைய அம்மன் சொல்லியிருக்கலாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் யோசித்துப் பார்த்தாலும் அவனை மன்னிக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு 'அவ்ளோதான்' என்று சொன்னவன் அவன்.

இந்த வாரம் வெள்ளிக்கிழமை எனக்குக் காலை வேலை இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடலாம் என்று இருக்கிறேன். தாமதமானால் முன்வரிசையில் இடம் கிடைப்பதில்லை.